நூறு நாள் கூலி



மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும், மன்னிக்க மறுத்த பணியாளன் உவமை நமக்குப் பழக்கமானது. அரசனுக்கு அவன் கொடுக்க வேண்டியது பத்தாயிரம் தாலந்து. உடன்பணியாளன் அவனுக்குக் கொடுக்க வேண்டியது நூறு தெனாரியம். முந்தியது மலை, பிந்தியது கடுகு என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். கணக்கைச் சற்று நின்று பார்ப்போம். தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் அரசன் தள்ளுபடி செய்தது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

ஆனால் நூறு தெனாரியம் அற்பத் தொகையா? நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாரைக் கேளுங்கள். நூறு நாள் கூலி என்றால் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், மருந்துச் செலவு எல்லாம்தான். அதை விட்டுக்கொடுப்பது வலிக்காது என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. நாம் பெற்றுக்கொண்டதன் முன்னால் அது சிறியது என்றுதான் காட்டுகிறார்.

புனித பவுலும் இதே வரிசையில்தான் பேசுகிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் முதல் 11 அதிகாரங்களில் கடவுள் நமக்குச் செய்ததை விளக்கிவிட்டு, 12ஆம் அதிகாரத்தில்தான், கடவுளின் இரக்கத்தை முன்னிட்டு உங்கள் உடலை உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று கேட்கிறார். இரக்கத்தைச் சம்பாதிப்பதற்காக அல்ல, ஏற்கெனவே பெற்றுவிட்டதற்காக. அந்தப் பலி எப்படி இருக்கும் என்றும் அங்கேயே சொல்கிறார்: விருந்தோம்புவது, எளியவரோடு பழகுவது, தீமைக்குத் தீமை செய்யாதிருப்பது. எல்லாமே வீட்டு வாசலில் நடக்கிற காரியங்கள்.

இதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். பொருள் இழப்பால் மனம் நொந்திருந்தவருக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அரசரின் படைத்தலைவரான டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். வைத்த பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். கடவுள் உதவினார் என்பது அதன் பொருள். யார் அவரைக் கூப்பிட்டாலும் கடவுளின் இரக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்!

தேவசகாயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எருமை மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர்வலம் விட்டதும், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டதும்தான். படங்களில் வரைவதும் அதைத்தான். எனக்கோ 1745 முதல் 1749இல் கைதாகும் வரையிலான அந்த நான்கு ஆண்டுகள் இன்னும் முக்கியமாகத் தோன்றுகின்றன. அவர் துறவறம் போகவில்லை. அதே மனைவி, அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். அதே ஊர், அதே அரசுப் பணி. மாறியது ஒன்று: தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த மக்களோடு சமமாகப் பழகினார், சாதி பாராமல் உடன் உண்டார், எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். அரசத் துரோகி என்று பிற்பாடு குற்றம் சாட்டினார்கள். ஆனால் மேல்தட்டினரின் கோபம் மூண்டது இங்கேதான். அவர் இரகசியமாகச் செபித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது. அவருடைய நூறு நாள் கூலி, தம் குலத்தார் தந்த மதிப்பு. அதை விட்டுக்கொடுத்தார்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே அழைத்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ள அவர் கல்லறையில் நாமும் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதலில் விசாரிப்பது எதை? ஒரே பங்கில், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய இருவர், வரப்புத் தகராறிலோ தென்னந்தோப்புப் பாகப்பிரிவினையிலோ எத்தனை ஆண்டுகள் முகம் பார்க்காமல் இருக்கிறோம்? கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் இந்தக் கதை ஒன்றுதான். திருப்பலியில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகூப்புகிறோம். இரண்டு வரிசை தள்ளி நிற்பவரைப் பார்க்காதபடி தலையைத் திருப்பிக்கொள்கிறோம்.

அன்பியக் கூட்டம் இம்மாதம் உங்கள் வீட்டுமுறை என்றால், வழக்கமாக வருகிறவர்களுக்கு அப்பால், இதுவரை உங்கள் வீட்டுக்குள் வந்து உட்காராத ஒரு குடும்பம் அத்தெருவில் உண்டா என்று பாருங்கள். ஆள்விட்டு அல்ல, நீங்களே போய் அழையுங்கள். கூட்டம் முடிந்ததும் காப்பியோடு அனுப்பிவிடாமல், சோறு போட்டு நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.