எழுத்து வரிசை ஏன் கலைந்தது?

விண்மீன்களை வானியலாளர்கள் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வகைப்படுத்துகிறார்கள். ஆங்கில அகரவரிசை இப்படித் தாறுமாறாகக் கிடப்பது ஏன்?

ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியமினா ஃபிளெமிங், விண்மீன்களின் நிறமாலைப் படங்களைப் பார்த்து எழுத்து கொடுத்தார். 1890இல் அந்தப் பட்டியல் வெளியானது. ஹைட்ரஜனின் கருங்கோடுகள் அழுத்தமாகத் தெரிந்தால் ஏ. கோடுகள் மங்க மங்க அடுத்தடுத்த எழுத்துகள்.

சிக்கல் அந்த ஹைட்ரஜனில்தான் இருந்தது. சுமார் 10,000 டிகிரி வெப்பத்தில் அதன் கோடுகள் உச்சத்தில் இருக்கும். அதைவிடச் சூடேறினால் அணு தன் எலக்ட்ரானையே இழந்துவிடும். வெப்பம் குறைந்தாலோ எலக்ட்ரான் அடிப்படியிலேயே தங்கிவிடும். இரண்டிலும் கோடு மங்கும். ஆக, மிகச் சூடான விண்மீனும் குளிர்ந்த விண்மீனும் ஒரே மாதிரி ஏமாற்றும்.

1901இல் ஆனி ஜம்ப் கேனன் மற்றத் தனிமங்களின் கோடுகளையும் கவனித்து, பல எழுத்துகளை நீக்கினார். மிஞ்சியவற்றை இடம் மாற்றினார். அது வெப்ப வரிசையாக அமைந்ததன் காரணத்தை மேகநாத் சாகா 1920இல் வெளியிட்ட சமன்பாடு பின்னர் விளக்கியது. காரணம் தெரியும் முன்பே, கண்பார்வையை நம்பிச் சரியான வரிசையை எட்டியது அபாரமான உழைப்பு!

நீலம் பாய்ந்த சித்திரை, பி வகை. நம் சூரியன், ஜி. சிவந்த திருவாதிரை, எம்.