எப்போது அறுப்பது சோளத்தை?

மணலி புதுநகரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள்தாம் கண்ணில் படும். ஆனால் வட சென்னையின் இந்தப் பகுதியிலும் மாடு வளர்ப்பவர்கள் உண்டு. மேய்ச்சல் நிலம் அருகிவிட்ட இடங்களில், மாட்டுக்குப் போடும் பசுந்தீவனத்தைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மூன்று கட்டுச் சோளப் பயிர் விற்பனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். எடை ஒன்று, விலையும் ஒன்று. முதல் கட்டு பாலாக மாறும். இரண்டாவது கட்டு வயிற்றை மட்டும் நிரப்பும். மூன்றாவது கட்டோ மாட்டின் உயிரையே குடித்துவிடக்கூடும்! மூன்றும் ஒரே விதையிலிருந்து வந்தவை. பின் வேறுபாடு எதில்? அறுத்த நாளில்தான்!

இதைப் புரிந்துகொள்ள, முதலில் மாட்டின் வயிற்றுக்குள் சற்று எட்டிப்பார்ப்போம்.

வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை

மாடு, எருமை, ஆடு ஆகியவை அசைபோடும் பிராணிகள். இவற்றின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையாகிய அசையூன் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லிலும் தட்டிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளை மாட்டால் தானாகச் செரிக்க முடியாது. அந்த வேலையைச் செய்து கொடுப்பவை இந்த நுண்ணுயிர்களே. ஆகவே, மாட்டுக்குத் தீவனம் போடுவது என்றால், முதலில் இந்த நுண்ணுயிர்களுக்கு உணவு போடுவது என்றே பொருள்.

நுண்ணுயிர்கள் பெருக வேண்டுமானால் தீவனத்தில் புரதம் வேண்டும். உலர் எடையில் சுமார் 7 சதவீதத்திற்குக் கீழே புரதம் குறைந்தால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். தீவனம் செரிக்காமல் வயிற்றிலேயே தேங்கும். மாடு தின்பதும் குறையும்.

முற்ற முற்ற என்ன ஆகிறது?

இளஞ்சோளத்தில் இலை அதிகம், தண்டு குறைவு. புரதம் 15 சதவீதம் வரைகூட இருக்கும். நாள் ஆக ஆகத் தண்டு நீண்டு தடிக்கிறது. கதிரைத் தாங்க அதற்கு வலு வேண்டுமல்லவா? அதற்காகப் பயிர் தன் செல் சுவர்களில் லிக்னின் என்னும் கெட்டிப் பொருளைச் சேர்க்கிறது. கட்டடத்தில் கம்பிகளைச் சுற்றிச் சிமெண்டுக் கலவை இறுகுவதுபோல், செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி லிக்னின் இறுகுகிறது. அசையூன் வயிற்று நுண்ணுயிர்களால் அதைத் தகர்க்க முடியாது. உள்ளே சத்து இருந்தும், அதை எட்டும் வழி அடைபட்டுவிடுகிறது.

பூக்கும் பருவத்தில் புரதம் ஏறத்தாழ 7 முதல் 9 சதவீதம். தானியம் அறுத்தபின் எஞ்சும் காய்ந்த தட்டில் 3 அல்லது 4 சதவீதமே. தட்டை மட்டும் தின்னும் பசு பால் வற்றுவதற்குக் காரணம் புரிகிறதா?

லிக்னின் குறைந்த சோளத்தை உருவாக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவிலுள்ள பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1978இல் அத்தகைய சோளச் செடிகளை வெளியுலகுக்கு அறிவித்தனர். இலையின் நடு நரம்பு பழுப்பு நிறமாக இருப்பது அவற்றின் அடையாளம்.

அப்படியானால் இளசாகவே அறுக்கலாமே?

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இளஞ்சோளத்தில் துர்ரின் என்னும் பொருள் உண்டு. 1902இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தனர். அரபு மொழியில் சோளத்துக்கு வழங்கும் 'துரா' என்ற பெயரே இதற்கு வாய்த்தது.

துர்ரின் இலையின் மேல்தோல் செல்களில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியோ உட்புறச் செல்களில் இருக்கிறது. இலை மெல்லப்படும்போது இரண்டும் கலக்கின்றன. உடனே ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது! அசையூன் வயிற்று நுண்ணுயிர்களும் துர்ரினை உடைத்து நஞ்சை வெளிப்படுத்துகின்றன. நன்மை செய்யும் தோழர்களே இங்கே பகைவர்களாகிவிடுகிறார்கள்.

இரத்தத்தில் பிராணவாயு நிறைய இருந்தும், செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் சயனைடு தடுத்துவிடுகிறது. மாடு மூச்சுத் திணறி, தடுமாறி விழும். அளவு மிகுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். உடனே கால்நடை மருத்துவர் வந்து சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு மருந்துகளை ஊசி மூலம் ஏற்றினால் காப்பாற்ற முடியும்.

முழங்கால் உயரப் பயிர், மழையின்றி வாடிக் குன்றிய பயிர், அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு ஆகிய மூன்றிலும் இந்த நஞ்சு மிகுதி. பயிர் வளர வளர இது குறைகிறது. நன்கு உலர்த்தினாலும் பெருமளவு நீங்கும். நாம் உண்ணும் முற்றிய சோளத் தானியத்தில் துர்ரின் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அது முளைவிட்ட சில நாட்களில் முளையில் ஏராளமாகச் சேர்ந்துவிடுகிறது.

நடுவில் ஒரு நல்ல நாள்

ஒரு பக்கம் நஞ்சு; மறு பக்கம் லிக்னின். இரண்டுக்கும் நடுவே அமைவதுதான் பூக்கும் பருவம். வயலில் பாதிப் பயிர் பூத்திருக்கும்போது நஞ்சு குறைந்திருக்கும். புரதமும் போதிய அளவு இருக்கும். விளைச்சலும் கணிசமாகக் கிடைக்கும். பசுந்தீவனத்துக்கு இதுவே ஏற்ற நாள்.

குழியில் இட்டுக் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல் தயாரிப்பதானால் இன்னும் சற்றுப் பொறுக்கலாம். மணியில் பால் பிடித்து மாவாகும் பருவத்தில் மாவுச்சத்து சேர்ந்துவிடும். ஈரமும் அளவாக இருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட கோ.எப்.எஸ். 29 என்பது பலமுறை அறுக்கத்தக்க தீவனச் சோளம். விதைத்து சுமார் 65 நாட்களில் முதல் அறுவடை. பிறகு 50 நாட்களுக்கு ஒரு முறை. இந்த இடைவெளி எதற்கு என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

நீங்களும் செய்து பார்க்கலாம்

வயல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மாடியில் சில தொட்டிகளில் சோளம் விதையுங்கள். 30, 45, 60, 75 ஆம் நாட்களில் ஒவ்வொரு செடியாக அறுத்து, இலையையும் தண்டையும் தனித்தனியே எடைபோடுங்கள். நூறு கிராம் செடியில் இலை எத்தனை கிராம் என்று கணக்கிட்டு, வரைபடத் தாளில் குறியுங்கள். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது? பூ எந்த நாளில் வந்தது?

ஓர் எச்சரிக்கை: அறுத்த இளஞ்செடியைத் தெருவில் எறிந்துவிடாதீர்கள். ஆடோ மாடோ தின்றுவிடலாம். நன்றாக மண்ணில் புதைத்துவிடுங்கள்.