மரமுந்திரிகைப் பருப்பும் வீட்டுச் சமையலும்

நெல்லுக்கு உதவாத மணற்பாங்கான மேட்டு நிலத்திலும் மரமுந்திரிகை செழித்து வளரும். பிறேசில் நாட்டுக்குரிய இம்மரத்தை 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் ஆசியக் கரைகளுக்குக் கொணர்ந்தனர். இன்று மன்னார், புத்தளம், மட்டக்களப்புப் பகுதிகளில் இது நன்கு பழகிய மரமாகும். எனினும், தம் காணியில் விளைந்த விதையை ஓட்டுடன் விற்றுவிட்டு, விருந்து நாளிற் பருப்பைக் கடையில் விலை கொடுத்து வாங்கும் கமக்காரரும் உளர். ஓட்டின் எண்ணெய் கையைச் சுடும் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணமாகும். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் முறையறிந்தோருக்கு அது தடையன்று.

ஓட்டின் எண்ணெய்

விதையின் ஓட்டினுள் காரமான எண்ணெய் உண்டு. அது தோலிற் பட்டாற் கொப்புளம் எழும். ஆகையாற் பச்சை விதையைச் சிறுவர் பல்லாற் கடிக்க விடலாகாது. சுடும்போது எழும் புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தீங்கானது.

சுட்டு உடைக்கும் முறை

விதையைப் பழத்திலிருந்து திருகி எடுத்து, 2 அல்லது 3 நாட்கள் நல்ல வெயிலில் உலர்த்துக. பின்னர் வீட்டுக்குப் புறத்தே, காற்று முதுகுப் பக்கமாக வீசும்படி நின்று, பழைய இரும்புத் தாச்சியிற் கிளறிச் சுடுக. எண்ணெய் தீப்பற்றும், ஆதலாற் சிறுவரையும் ஓலை, வைக்கோல் என்பவற்றையும் தூரத்தே வைத்தல் அவசியம். ஓடு கருகியதும் விதைகளை மணலிற் கொட்டி மூடுக. ஆறியபின், கைகளிற் சாம்பல் பூசிக்கொண்டு உடைக்கலாம். பருப்பைத் தொடுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. அத்தாச்சியைச் சமையலுக்கு மீண்டும் பயன்படுத்தலாகாது.

கறி சமைத்தல்

பருப்பு 250 கிராமை, ஒரு சிட்டிகை அப்பச்சோடா கலந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, தோலை நீக்கி நன்கு கழுவுக. அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, றம்பை, கறுவாப்பட்டைத் துண்டு, சிறிது மஞ்சள் ஆகியவற்றுடன் இரண்டாம் தேங்காய்ப்பாலில் மெல்லிய நெருப்பில் அவிக்குக. விரலால் நசுக்கக்கூடிய பதம் வந்ததும் உப்பும் முதற்பாலும் சேர்த்து, ஒரு கொதியில் இறக்குக. ஊறிய பருப்பிற் சிறிதை அரைத்துப் போஞ்சி, கரட் முதலிய மரக்கறிகளிற் சேர்த்தாற் குழம்பு தடிப்பாகும்.

சேமித்தல்

100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 44 கிராம் கொழுப்பும் 18 கிராம் புரதமும் உள. கொழுப்பு மிகுதியாதலின், காற்றும் ஈரமும் பட்டாற் காறல் மணம் பற்றும். பருப்பை நன்கு உலர்த்தி, இறுக மூடிய போத்தலில் வைத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுக. இப்பருப்பு ஒவ்வாதோரும் உளர். உண்டபின் உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

விளைந்த விதை முழுவதையும் விற்றுவிடாது, வீட்டுக்கென ஒரு பங்கை ஒதுக்கும் கமக்காரரின் குடும்பம், தன் காணியின் பயனைத் தன் உணவிலும் காணும்.