பூட்டிய அலைபேசியும் அதன் திறவுகோலும்

பூட்டு என்னும் சொல் தமிழில் பல இடங்களில் வழங்குகிறது. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், கதவைப் பூட்டுகிறோம், செய்யுளின் இறுதிச் சொல் முதற்சொல்லோடு சென்று இயைவதை நன்னூலார் பூட்டுவில் என்பார். ஒன்றை மற்றொன்றோடு பிணைத்தல் என்பதே இவற்றின் பொதுக்கருத்து. அலைபேசிக்கு இடப்படும் பூட்டும் இத்தகையதே. அது கருவியை மூடுவதன்று. ஒரே நிறுவனத்தின் சேவையோடு அதனைப் பிணைத்து வைப்பது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஸ்ரீவைகுண்டத்தில் என் பெரியம்மா அண்டை வீட்டு மாடியில் தங்கியிருந்தார். அவருடைய பழைய அலைபேசி நீரில் நனைந்து செயலிழந்தது. இலண்டனிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த உயர்ந்த கருவியொன்று கையில் இருந்தது. அதுவரை பேரப்பிள்ளைகள் படம் பார்க்கவே அது பயன்பட்டது. பழைய சிம் அட்டையைத் துடைத்து அதில் இட்டபோது, திரை ஓர் எண்ணைக் கேட்டு நின்றது. கோபுரத்தில் அலை உண்டா இல்லையா என்று பார்க்கும் நிலைக்கே அக்கருவி வரவில்லை. இரண்டு நாள்கள் அவரைப் பற்றிய செய்தியின்றித் தவித்தோம்.

நிகழ்ந்தது யாது? ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஓர் அடையாள எண் பொதிந்துள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சுட்டும். இந்தியாவுக்கு 404, 405. பிரிட்டனுக்கு 234, 235. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்தைச் சுட்டும். பூட்டப்பட்ட கருவி இவற்றைத் தன்னுள் எழுதப்பட்ட எண்ணோடு ஒப்புநோக்கும். பொருந்தாவிடில் சேவையை மறுக்கும். ஆகவே பழுது ஏதுமில்லை. இட்ட கட்டளையைக் கருவி நிறைவேற்றுகிறது, அவ்வளவே.

நிறுவனங்கள் கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மாதக் கட்டணத்தில் அதனை ஈடுசெய்கின்றன. அதுவரை பூட்டு ஓர் அடகு போன்றது. இதனை நான் குறைகூறேன். கடன் தீர்ந்த பின்னும் அடகுப் பொருளை விடாதிருப்பதே முறையன்று. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய கருவிகளை விற்பதே தடைசெய்யப்பட்டுள்ளது. பெரியம்மாவின் கருவி அதற்கு முந்தியது.

நம் நாட்டிலும் இப்பிணைப்பு புதிதன்று. 2003இல் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்தில் அலைபேசிகளை வழங்கியது நினைவிருக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கழற்றி மாற்றத்தக்க சிம் அட்டையே இல்லை. எண் கருவியிலேயே எழுதப்பட்டிருந்தது. 2017இல் வந்த ஜியோபோனும் அந்நிறுவனத்தின் சேவைக்கே உரியது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் வந்தது. 2018இல் ஏர்செல் முடங்கியபோது தமிழகத்தில் பலரும் இவ்வழியே தம் எண்ணைக் காத்துக்கொண்டனர். ஆனால் விடுதலை பெற்றது எண், கருவியன்று. இவ்விரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர்.

கருவியைத் திறக்க நேரிய வழி, பூட்டிய நிறுவனத்தையே கேட்பது. *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் திரையில் தோன்றும். அதனைக் குறித்தனுப்பினால், ஒப்பந்தம் முடிந்திருக்கும் நிலையில், நிறுவனம் திறப்பெண்ணைத் தரும். ஐபோன் போன்றவற்றில் தன் பதிவேட்டில் மாற்றம் செய்து இணையவழியே விடுவிக்கும். ஊகித்த எண்களை இட்டுப் பார்த்தல் தீது. சில முறை தவறினால் சில கருவிகள் நிலையாகவே பூட்டிக்கொள்ளும். என் மாணவர் ஒருவர் கடைவீதியில் கொடுத்துத் திறக்க முயன்று, கருவியையே இழந்தார். ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்தித் தருவதாகச் சொல்வோரை அணுகவே கூடாது. சட்டப்படி அது குற்றம். திருட்டுப்போனதாகப் பதிவான கருவிக்கு இடப்படும் தடையும் வேறு. நிறுவனப் பூட்டைத் திறப்பதனால் அது நீங்காது.

வெள்ளம் வடிந்தபின் மகன் இலண்டன் நிறுவனத்துக்கு எழுதினார். தவணைகள் முன்பே முடிந்திருந்தமையால் கட்டணமின்றித் திறந்துகொடுத்தனர். கேட்டிருந்தால் ஈராண்டுக்கு முன்பே கொடுத்திருப்பர். பெரியம்மா இப்பொழுது அதில்தான் பேசுகிறார், பேரப்பிள்ளைகளுக்குத்தான் வருத்தம்.