வெளியாள் யார்?

கம்பெனியில் சங்கம் வைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டியதில்லை. மாதவரம், மணலி பக்கமிருந்து ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும். ஆனால் பதிவு கிடைக்க, அங்கே வேலை செய்பவர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்.

"எங்க பசங்க கிட்ட நாங்க பேசிக்கிறோம், வெளியாள் எதுக்கு?" என்பது நிர்வாகங்களின் பழைய கேள்வி. சட்டம் வெளியாளைத் தடுக்கவில்லை. சங்க நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுவரை வெளியிலிருந்து வரலாம். லைனில் நிற்பவன் எதிர்த்துப் பேசினால் சஸ்பெண்ட் ஆவான். வெளியாளை யார் சஸ்பெண்ட் செய்வது? சங்கங்கள் வெளியாளைத் தேடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்தச் சண்டைக்கு வயது நூறுக்கு மேல். மாதவரத்துக்குப் பக்கத்தில், பெரம்பூர் பி அண்ட் சி மில் வெள்ளைக்காரர்களின் பின்னி கம்பெனி கையில் இருந்தது. 1918 ஏப்ரலில் அந்த மில் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது தலைவர் பி.பி. வாடியா, பம்பாய் பார்சி. துணை நின்ற திரு.வி.க. பத்திரிகையாசிரியர். இருவருமே தறி ஓட்டியவர்கள் இல்லை. 1920-இல் பின்னி உயர் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு வழக்குப் போட்டு வாடியாவுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. கடைசியில் அவர் சங்கத்தை விட்டே விலக நேர்ந்தது. சங்கம் நடத்தியதற்காக ஒருவர் மேல் நஷ்ட ஈடு வழக்குப் போட முடியும் என்ற இந்த நிலைதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஹூண்டாயில் 2007-இல் சிஐடியு சார்பு சங்கம் உருவானது. நிர்வாகம் அதை ஏற்காமல், பின்னர் வேறொரு சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் போட்டது. சாம்சங்கில் பதிவே போராட்டமானது. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக் கூடாது என்றது நிறுவனம். அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

எதிர்ப்பவர்களிலும் வெளியாட்கள் உண்டு; அவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவின் சட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன் நிர்வாகம் சங்கத்தை எதிர்க்கவில்லை. ஆனால் 2014 வாக்கெடுப்பின்போது, சங்கம் தோற்றால் புதிய கார் உற்பத்தி இங்கே வரும் என்று செனட்டர் பாப் கார்க்கர் அறிவித்தார். 712-க்கு 626 என்று சங்கம் தோற்றது. பத்து ஆண்டு கழித்து, 2024-இல், அதே ஆலையில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது.

நம் நாட்டின் மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வாக்கெடுப்புக்குக் கட்டாயம் இருந்ததில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்புப்படி, ஒன்றுக்கு மேல் சங்கம் இருந்தால் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். அந்தச் சதவீதம் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. அப்ரண்டிஸ் சட்டத்தில் சேர்ந்தவர்கள் அதில் வரமாட்டார்கள், அதே லைனில் அதே ஷிஃப்டில் நின்றாலும்.