கேபினட்டைத் திறப்போம் – 12: மோட்டார் போட்டால் சிஸ்டம் ஆஃப்

"ணா, சிஸ்டம் தானா ஆஃப் ஆகுது. ஃபார்மட் போட்டும் பாத்தாச்சு, மறுபடியும் அதேதான்."

கிருஷ்ணகிரி மாவட்டம் பேரிகைப் பக்கத்திலிருந்து ஒருவர் இப்படிச் சொன்னால், "உங்க லைன்ல த்ரீ பேஸ் எப்ப வரும்?" என்றுதான் முதலில் கேட்பேன். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினால் இவன் கரண்ட் பற்றிக் கேட்கிறானே என்று பார்ப்பார்கள். ஆனால் தக்காளியும் ரோஜாவும் விளைகிற இந்த எல்லை ஊர்களில் போர்வெல் மோட்டார்களை ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச முடியாது.

மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் நாலைந்து தோட்டங்களும் வீடுகளும் இருந்தால், மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வந்த கையோடு எல்லா மோட்டாரும் கிளம்பும். வீட்டில் பல்பு ஒரு கணம் மங்கும், ஃபேன் சுணங்கும். கம்ப்யூட்டரால் அப்படிச் சமாளிக்க முடியாது. அதன் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) பெட்டி ஏறக்குறைய 180 முதல் 264 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. அதற்குக் கீழே போனால், உள்ளே சேமித்திருக்கும் மின்சாரத்தை வைத்து 16, 17 மில்லி நொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்றே 20 மில்லி நொடி. மோட்டார் கிளம்பும் இறக்கம் பல சுற்றுகளுக்கு நீளும். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். விதியையே எட்டாது, இறக்கத்தை எங்கே தாங்கப்போகிறது? (பவர் சப்ளை தயாரிப்பில் உலகின் முன்வரிசையில் இருக்கும் தைவானின் டெல்டா நிறுவனத்துக்கு இதே கிருஷ்ணகிரி மாவட்டம் குருபரப்பள்ளியில் ஆலை இருக்கிறது. நம் வீட்டு மேஜையடியில் கிடப்பது என்னவோ பெயர் தெரியாத தகரப் பெட்டி.)

"வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குண்ணா" என்பார்கள். அதன் முன்பக்கமோ பின்பக்கமோ பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் யு.பி.எஸ்., எகோ என்று இரண்டு நிலை கொண்ட சின்ன சுவிட்ச் இருக்கும். எகோவில் இருந்தால் வோல்டேஜ் வெகுவாக இறங்கும்வரை இன்வெர்ட்டர் சும்மா இருக்கும். பேட்டரிக்கு மாறவும் கூடுதல் நேரம் எடுக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யு.பி.எஸ். நிலைக்குத் தள்ளுங்கள். காசு செலவில்லாத வைத்தியம், முதலில் இதைச் செய்யலாம்.

அதற்குப் பிறகும் தொந்தரவு இருந்தால் மானிட்டரில் ஒரு தாள் ஒட்டுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன ஓடியது, எப்படி நின்றது என்று எழுதுங்கள். எப்படி என்பதுதான் முக்கியம். எல்லாவற்றையும் 'ஹேங்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதி நேரம் வீணாகிறது. சட்டென்று இருண்டு போனாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ கரண்டையும் சூட்டையும் முதலில் சந்தேகியுங்கள். நீலத்திரை வந்தால் ரேமும் டிரைவரும். மவுஸ் மட்டும் நகர்ந்து மற்றதெல்லாம் உறைந்து, டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் ஹார்ட் டிஸ்க். இது கல்வெட்டு இல்லை, தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கான குறி.

விண்டோஸும் தன் பங்குக்கு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால், எந்த நாளில் எது விழுந்தது என்று வரைபடமாகவே காட்டும். ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு "பவர் போயிடுச்சு, எஸ்.எம்.பி.எஸ். மாத்துங்க" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அந்த வரிக்கு, மெஷின் முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பது மட்டுமே பொருள். நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே வரிதான் பதிவாகும்.

சூட்டுக்கு வருவோம். ஓசூர் வட்டாரம் மேட்டுநிலம், வெயில் சென்னை மாதிரி அடிக்காது. அதனால் இங்கே சூடு பிரச்சினையே இல்லை என்ற நினைப்பு பலருக்கு உண்டு. தூசு இருக்கிறதே! பிராசசர் மேல் உள்ள ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரி படிந்து காற்றை மறிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதுங்கள். பழைய மெஷின் என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்குமளவு கரண்ட் நிற்கும்.

கேபினட் திறந்திருக்கும்போதே மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ வேறு எதையும் தேட வேண்டாம். 2000-களின் முற்பகுதியில் மட்டமான கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்க மதர்போர்டுகள் இப்படிச் செத்தன. அந்தப் பழுதுகளை ஈடுகட்ட 2005-ல் டெல் நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்கியது.

பெங்களூரின் கம்ப்யூட்டர் சந்தையான எஸ்.பி. ரோடு பக்கத்திலேயே இருப்பதால் இங்கே செகண்ட் ஹேண்ட் ரேம் புழக்கம் அதிகம். வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு வேகம் என்று இரண்டு ரேம் போட்டிருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு மற்றதை. மெம்டெஸ்ட்86 என்ற இலவச சாஃப்ட்வேரை பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டால் இன்னும் உறுதியாகத் தெரியும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கம்ப்யூட்டர்களின் கிராஷ் பதிவுகளை அலசி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, ஹார்டுவேர் கோளாறால் ஒருமுறை விழுந்த மெஷின் மறுபடி விழும் வாய்ப்பு, சில வகைகளில் நூறு மடங்கு வரை கூடும் என்றது. "ஒரு தடவைதானே, போகட்டும்" என்று விடக்கூடாது.

புது மெஷின் என்றாலும் நிம்மதி இல்லை. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, தமக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டே பழுதாயின. 2024-ல் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அந்த ரக மெஷின் உங்களிடம் இருந்தால் திருத்தம் அடங்கிய பயாஸ் அப்டேட் போட்டீர்களா என்று பாருங்கள். ஏற்கெனவே பழுதானதை அப்டேட் திருப்பித் தராது. வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும்.

எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்து, நாலு நாள் பார்த்து, பிறகு அடுத்தது. ஒரே நாளில் ரேமும் மாற்றி, பேஸ்ட்டும் வைத்து, விண்டோஸும் புதிதாகப் போட்டால் எதனால் சரியானது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. கரண்ட், சூடு, ரேம் மூன்றையும் பார்க்காமலே கடையில் ஃபார்மட் என்றால் மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பார்த்த பிறகும் அதுதான் வழி என்றால், பிள்ளைகளின் போட்டோவையும் பட்டா நகலையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டுச் சரி சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்றால் என்ன செய்வது?