உங்கள் உடை போலவே இன்னோர் உடை!

அடுத்த முறை பேருந்தில் போகும்போது சுற்றிலும் பாருங்கள். உங்கள் உடையைப் போலவே, அதே நிறத்தில், அதே டிசைனில் வேறு யாராவது உடுத்தியிருக்கிறார்களா? பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். 'நான் இன்று நீலக் கட்டம் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் போடாதீர்கள்' என்று யாரிடமும் நாம் சொல்லி வைக்கவில்லையே! பிறகு எப்படி?

எல்லாம் பெருக்கல் செய்யும் வேலை. உங்களிடம் 8 சட்டை, 5 கால்சட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8 x 5 = 40 விதமாக உடுத்தலாம். பக்கத்து வீட்டுப் பையனிடமும் அச்சு அசலாக அதே துணிகள் இருந்து, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டால்கூட, சராசரியாக 40 நாளில் ஒரு நாள்தான் ஒன்றுபோல் அமையும்.

சேலையைப் பாருங்கள். உடலுக்கு 20 நிறம், கரைக்கு 20, முந்தானைக்கு 20 என்றால் 8,000 விதம்! பூவும் புட்டாவும் இன்னும் கணக்கில் சேரவில்லை. (ஜவுளிக்கடையில் பாட்டிக்கு ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று இப்போது புரிகிறதா?) அதிலும் ஒரே டிசைனில் வரும் துணிகள் பல ஊர்க் கடைகளுக்குப் பிரிந்து போய்விடுகின்றன.

என் சின்ன வயதில் இப்படியில்லை. தீபாவளிக்கு அப்பா ஒரே தானிலிருந்து துணி கிழித்து வருவார். அண்ணன், தம்பி எல்லாருக்கும் அதில்தான் சட்டை. தெருவில் இறங்கினால் பேண்டு வாத்தியக் கோஷ்டிதான்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று, என் வகுப்பில் இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி மஞ்சள் பாவாடையில் வந்து நின்றார்கள். வேறு வேறு தெரு. ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசாதவர்கள். "யாரைப் பார்த்து யார் வாங்கியது?" என்று நானே கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதில் ஒருத்தி அன்று முழுவதும் புத்தகப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

நான் எங்கே தவறினேன் தெரியுமா? 'என்னைப் போல ஒருவர்' என்பது வேறு, 'யாராவது இருவர்' என்பது வேறு. 40 பேர் வகுப்பில் உங்களோடு ஒப்பிட 39 பேர்தான். ஆனால் யாரோ இருவர் என்றால் 40 x 39 / 2 = 780 ஜோடிகள்! ஊரிலோ அப்போது ஒரே ஜவுளிக்கடை. ஒரு ஜோடி அமைந்ததில் என்ன அதிசயம்?

பிறந்தநாளை வைத்து இதைச் சோதிக்கலாம். வருடத்துக்கு 365 நாள். ஆனாலும் 23 பேர் கூடினாலே, இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 40 பேர் என்றால் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது வாய்ப்பு. உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். (இரட்டையரைச் சேர்க்கக் கூடாது!) வீட்டில் கொண்டாடும் நாளையே கேளுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத் தேதி ஒன்றைச் சொல்லிவிட்ட பெற்றோர் உண்டு.

இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போட்டது மறுவாரம்தான். எல்லாரும் கைதட்டினார்கள், அவளும்தான். ஆனால் அந்த மஞ்சள் பாவாடையை அவள் அதன்பிறகு பள்ளிக்குக் கட்டி வரவே இல்லை.